நாலடி வழியும் நடுக்காணிக் கிணறும்

பிரதேச சபையின் பிளான் பகுதியில் வேலை செய்கிறவளுக்கு, ஊரில் யார் எங்கே கக்கூஸ் கட்டப் போகிறார் என்பது அவருடைய பெண்சாதிக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும். பதினொரு வருடமாக எனக்கு அப்படித்தான். காலையில் கந்தோருக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்தால் பின்னேரம் எழும்பும் வரைக்கும் மற்றவர்களுடைய வீடுகள்தான். யாருக்கு எத்தனை அறை, யார் குசினிக்கு இரண்டு ஜன்னல் வைக்கிறார், யார் கார் இல்லாமலே கராஜ் கட்டுகிறார், எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் மேலே போகும்.

விண்ணப்பத்தை வாங்குவது, காணி உறுதியும் நில அளவைப் படமும் இருக்கிறதா என்று பார்ப்பது, மாதம் ஒருமுறை கூடும் திட்டமிடல் குழுவுக்குக் கோப்புகளை வரிசையாக அடுக்குவது, குழு கூடும்போது மூலையில் இருந்து அவர்கள் பேசுவதை எழுதுவது. இவ்வளவும்தான் என் வேலை. தவிசாளர் நடுவில் இருப்பார். செயலாளர் மேடம், தொழில்நுட்ப உத்தியோகத்தரான ரீ.ஓ. சேர், சுகாதாரம் பார்க்கும் பி.எச்.ஐ. மஹத்தயா ஆகியோர் சுற்றி இருப்பார்கள். அவர்கள் "சரி" என்றால் ஒருவருக்கு வீடு. "திருப்பி அனுப்புங்க" என்றால் அவருக்கு இன்னும் ஒரு மாதம்.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு இந்த மாதிரி வேலை பார்க்கிற யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பசியோடு கிடப்பவளைக் கலியாண வீட்டில் சோறு பரிமாற விட்டால் எப்படியிருக்கும்? எனக்கு வயிறு எரியும். மார்க்கம் தெரிந்தவள், பொறாமை நன்மைகளைத் தின்றுவிடும் என்று சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் எரியும்.

ஆறடி

எனக்குக் காணி இல்லாமல் இல்லை. வாப்பா மௌத்தாகும் முன்பே பிரித்து எழுதி வைத்துவிட்டார். றோட்டுப் பக்கம் வீட்டோடு பன்னிரண்டு பேர்ச் காணி தங்கச்சி ரிஸ்னாவுக்கு, அதற்குப் பின்னால் கிணற்றோடு பத்துப் பேர்ச் எனக்கு. மூத்தவள் அரசாங்க வேலைக்காரி, எப்படியும் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறார். என் காணிக்குப் போக ரிஸ்னாவின் வீட்டோரமாக ஆறடி வழியும் விட்டார். ஆயுள் முழுக்கச் சைக்கிளில் போய்வந்த மனிதருக்கு ஆறடி தாராளமாகத்தான் பட்டிருக்கும்.

ஆனால் பத்தடி வழி இல்லாத காணியில் வீடு கட்டச் சபை அனுமதிக்காது. எனக்கு இன்னும் நாலடி வேண்டும். அந்த நாலடி ரிஸ்னாவின் வீட்டுச் சுவருக்கும் அவள் கட்டிய மதிலுக்கும் நடுவில் சந்தாகக் கிடக்கிறது. அதற்குள் காஸ் சிலிண்டர் ஒன்றும், நாலு குரோட்டன் சாடியும், ஒரு பழைய கோழிக்கூடும் இருக்கின்றன. மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் கட்டாரில் இருக்கும் மச்சானிடம், அவள் புருஷனிடம், கேட்க வேண்டும் என்றாள். இரண்டாம் தரம், மதிலை உடைத்தால் தன் அறை ஜன்னலுக்கு நேரே ஆட்கள் போய்வருவார்கள் என்றாள். மூன்றாம் தரம் தேத்தண்ணி ஊற்றித் தந்து வேறு கதை கதைத்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்பே பிளான் கீறி வைத்திருக்கிறேன். இரண்டு அறை, ஹோல், குசினி, உள்ளுக்கே ஒரு குளியலறை, காணி மூலையில் கக்கூஸ் குழி. அது அலுமாரியில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சுருண்டு கிடக்கிறது. ஒருநாள் வெட்கத்தை விட்டு ரீ.ஓ. சேரிடம் காட்டி, ஆறடிக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் படத்தை ஆசையாகத்தான் பார்த்தார். பிறகு சுருட்டித் தந்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ், நாலடி இல்லாட்டி பிளான் இல்ல. இத நீங்கதானே எல்லாருக்கும் சொல்ற?"

கூரையில்லாக் குளியலறை

எத்தாளைப் பக்கம் களப்புத் தண்ணீர் ஓரமாகக் காணி வாங்கிய கொழும்புக்காரர் ஒருவர், வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவதற்கு ஆறு கபானா கட்டப் பிளான் கொண்டுவந்தார். களப்புக் காற்றில் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் வழுக்கி ஓடுகிற விளையாட்டுக்கு வருகிறவர்களுக்காம். கரையோரத் திணைக்களத்தின் அனுமதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ் என்று எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருந்தன. காகிதம் ஒழுங்காக இருக்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

படத்தைப் பார்த்தால் ஆறு குளியலறைக்கும் கூரை இல்லை. கீறியவர் மறந்துவிட்டாராக்கும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். "குறை இருக்கு, திருத்திக்கொண்டு வாங்க" என்று நீட்டினேன். மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் விட்டது என்றார். என் வாடகை வீட்டுக் குளியலறைக்கும் கூரை கிடையாது. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு உள்ளே போகிறோம். காகம் கூட எட்டிப் பார்க்கும். எனக்கு இல்லாமையாக இருப்பது இன்னொருவருக்கு அலங்காரமாக இருக்கிறதே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, பொறுமையாக எடுத்துச் சொன்னார்:

"வெள்ளக்காரனுக்கு ஆகாசம் தெரியாட்டி குளிச்ச மாதிரியே இல்ல, மிஸ்."

இரண்டு படிக்கட்டு

முந்தலில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் எங்கள் பக்கம் காணி வாங்கி மாடிவீட்டுக்குப் பிளான் போட்டார். மேலே போக இரண்டு படிக்கட்டு, ஒன்று ஹோலுக்குள், மற்றது குசினிக்குப் பின்னால். எனக்கு வாழ்க்கையில் ஒரு படிகூட இல்லை. வாசலில் ஏற வைத்திருக்கிற சீமெந்துக் கல் கூட வீட்டுக்காரருடையது.

குழுவில் இரண்டு படிக்கட்டைக் கண்டதும் ரீ.ஓ. சேர் கண்ணாடியைக் கழற்றினார். வீடு என்று பிளான் எடுத்துவிட்டு மேலே தனியாகக் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் உண்டு. அதனால் ஹாஜியாரையே உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள், ஒரு குடும்பத்துக்கு எதற்கு இரண்டு படி என்று. நான் பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "திருப்பி அனுப்பப்பட்டது" என்று எழுத முன்கூட்டியே ஒரு வரி இடமும் விட்டு வைத்தேன். ஹாஜியார் தொப்பியைச் சரி செய்துகொண்டு, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். தவிசாளருக்கும் வீட்டில் மாமியார் இருக்கிறார், ஒரு நிமிடத்தில் அனுமதி கிடைத்துவிட்டது.

"மேல உம்மா இருப்பா, கீழ மாமி இருப்பா, சேர். ரெண்டு பேரும் ஒரு படியில சந்திச்சா, பிறகு நான் உங்கட கந்தோர்லதான் வந்து படுக்கோணும்."

வேலியைக் காணவில்லை

குறிஞ்சிப்பிட்டியில் மிளகாயும் வெங்காயமும் போடுகிற ஒரு மனிதர் மகளுக்கு வீடு கட்ட விண்ணப்பித்தார். படத்தில் பத்தடி வழி இருந்தது. அந்தப் பக்கத்து வழிகள் எல்லாம் எனக்குத் தெரியும், எட்டடிக்கு மேல் ஒன்றுமில்லை. அன்று சபை வாகனத்தில் இடம் இருந்ததால் களப் பரிசோதனைக்கு என்னையும் குறிப்பெடுக்கக் கூட்டிப் போனார்கள். போய்ப் பார்த்தால் வழி விசாலமாகக் கிடக்கிறது. ரீ.ஓ. சேர் டேப்பை விரித்தார். பத்தடி, ஒரு அங்குலமும் குறையவில்லை.

ஆனால் ஓரமாக மணலில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஈரம் காயவில்லை. கொஞ்சம் தள்ளிப் பூவரச மரத்தடியில் கதியால்களும் மட்டைகளும் அழகாகக் கட்டி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விடியற்காலையில் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு வேலியைக் கழற்றியிருக்கிறார்கள். மனிதர் எங்கள் எல்லாருக்கும் இளநீர் வெட்டித் தந்தார். அவருடைய கெட்டித்தனத்தைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல, ஏனென்றால் ரிஸ்னா கட்டியிருப்பது வேலி அல்ல, சீமெந்துக் கல் மதில். அதைக் காலையில் கழற்றிப் பின்னேரம் பூட்ட முடியாது. ரீ.ஓ. சேர் கண்டாரோ, காணாதவர்போல் இருந்தாரோ தெரியாது. ஆனால் அந்த மனிதருக்கு அவசரம். வாகனம் கிளம்பும் வரைக்கும் அவரால் பொறுத்திருக்க முடியவில்லை.

"சேர், அளந்து முடிஞ்சிதா? ஆட்டுக்குட்டியெல்லாம் பாத்திக்குள்ள பாயுது. அப்ப நான் வேலியத் திருப்பி நட்டட்டா?"

கறி இல்லாத நாள்

கரைவலைக்காரக் குடும்பமொன்றிலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் காணி பிரிக்க வந்தார்கள், மூன்று பேர் கழுத்திலும் ஒரே மாதிரி வெள்ளிச் சிலுவை. நடுவில் போகிற வழிக்கு மூவருடைய துண்டிலிருந்தும் காணி வெட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் வழக்கமாகக் கவுன்டரில் சத்தம் வரும். கோப்பு கிழிந்த நாளும் உண்டு. நானும் தயாராக இருந்தேன். யாராவது சண்டை பிடித்தால் எனக்கு ஒரு ஆறுதல், என் வீட்டில் மட்டும்தான் இப்படி என்றில்லை அல்லவா?

மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் பேனை வாங்கிக் கையெழுத்து வைத்தார்கள். மூத்தவர் தன் பக்கத்தில் ஓரடி கூடவே எழுதச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. எப்படி இவ்வளவு ஒற்றுமை என்று கேட்டேவிட்டேன். எங்கள் உம்மா உயிரோடு இருந்திருந்தால் ரிஸ்னாவின் காதைத் திருகியிருப்பாவே என்ற நினைப்பும் கூடவே வந்தது. கடைசித் தம்பி கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்:

"ஒற்றுமையும் இல்ல ஒண்டுமில்ல, மிஸ். காணி விடாதவனுக்கு இண்டைக்குச் சோறு மட்டுந்தான், கறி இல்லையெண்டு அம்மா சொல்லிப்போட்டா. இண்டைக்கு நண்டுக் கறி."

ரிஸ்னாவின் கோப்பு

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், கவுன்டரில் ஒரு பச்சைக் கோப்பு வந்து விழுந்தது. நிமிர்ந்தால் ரிஸ்னா. வாப்பாவின் வீட்டுக்கு மேலே மாடி எடுக்கப் போகிறாளாம். மேலே இரண்டு அறை, இரண்டுக்கும் குளியலறை, முன்பக்கம் நீளமாக ஒரு பல்கனி. அந்தப் பல்கனியில் நின்றால் களப்பு தெரியும். எனக்குத் தெரியும், ஏனென்றால் சின்ன வயதில் நாங்கள் இருவரும் தண்ணீர்த் தாங்கியில் ஏறிப் பார்த்திருக்கிறோம்.

கோப்பை விரித்தேன். உறுதி இருந்தது, நில அளவைப் படம் இருந்தது, வரிச் சிட்டை இருந்தது, வீதிக்கோட்டுச் சான்றிதழும் இருந்தது. பிரதிகளைக் கூட நான் மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரியே வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். எனக்கு வரவேண்டிய நாலடியைத் தராதவள், இப்போது எனக்கு மேலால் ஏறி நிற்கப் போகிறாள். நெஞ்சுக்குள் கொள்ளி வைத்த மாதிரி இருந்தது. அவள் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, ஊரார் எல்லாரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்:

"ராத்தா, இதுல ஒரு குறையும் இல்லத்தானே?"

நானே வாங்கிய கடிதம்

குறை இருந்தது. அவள் போன பிறகுதான் கண்டேன். மாடிக் குளியலறைகளுக்காக வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு கக்கூஸ் குழி கீறியிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பதடி தூரம் வேண்டும், எங்கள் மண் வெறும் மணல் என்பதால் பி.எச்.ஐ. மஹத்தயா அதில் ஒரு அடி கூட விட்டுக் கொடுக்க மாட்டார். ஆனால் படத்தில் கிணறே இல்லை. பிளான் கீறுகிறவர்கள் விண்ணப்பகாரரின் காணிக்குள் இருக்கும் கிணற்றைத்தான் கீறுவார்கள். பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர்களுக்குக் கிணறாகவே தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது என் காணி. கிணறு என் கிணறு. எல்லையிலிருந்து இருபதடிதான்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து, அயல் காணிச் சொந்தக்காரி என்ற முறையில் ஆட்சேபனைக் கடிதம் எழுதினேன். நல்ல எழுத்தில் எழுதினேன். "மேற்படி குழி எனது குடிநீர்க் கிணற்றிலிருந்து சுமார் முப்பத்திரண்டு அடி தூரத்திலேயே அமையவுள்ளது" என்ற வரியை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன், இனிப்பாக இருந்தது. ஆட்சேபனைக் கடிதங்களைப் பொறுப்பெடுப்பதும் என் வேலைதான். எழும்பிக் கவுன்டருக்கு வெளியே போய்க் கடிதத்தை வைத்தேன். உள்ளே வந்து எடுத்தேன். "கிடைத்தது" என்று திகதி முத்திரை குத்தி, ரிஸ்னாவின் கோப்பில் சேர்த்தேன். இதையெல்லாம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் மேடம் கோப்பை வாங்கி, இனி இதைத் தொடக் கூடாது என்று வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"கடிதத்த நீங்களே எழுதி, நீங்களே குடுத்து, நீங்களே வாங்கி இருக்கீங்க. பதிலும் உங்களுக்கு நீங்களே போடுவீங்களா, மிஸ்?"

டேப் பிடித்த நாள்

குழு காணிக்கு வந்தது. நான் அன்று லீவு போட்டுவிட்டுக் காணிச் சொந்தக்காரியாக என் கிணற்றடியில் நின்றேன். ரிஸ்னா மதிலுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுப் பின்வாசலில் நின்றாள். கடிதத்தைப் பற்றி அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டு நாளாகப் பேச்சில்லை. ஆனாலும் அவள் வீட்டு மோட்டர் பைப் வழமைபோல மதிலுக்கு மேலால் வந்து என் கிணற்றுக்குள்தான் இறங்கியிருந்தது. அவளும் பிள்ளைகளும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

பி.எச்.ஐ. மஹத்தயா சிலாபத்துக்காரர், சிங்களவர், தமிழை எங்களைவிட நிதானமாகப் பேசுவார். டேப்பின் ஒரு முனையைக் கிணற்றுக் கட்டில் வைத்து மற்ற முனையை ரீ.ஓ. சேரிடம் கொடுத்து மதிலுக்கு மேலால் இழுத்தார். முப்பத்தொன்றரை அடி. ரிஸ்னாவின் குழி போச்சு. அவளுக்கு முன்பக்கமும் இடமில்லை, றோட்டுக்கும் வீதிக்கோட்டுக்கும் இடையில் குழி வெட்ட முடியாது. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும், எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அபாயாவின் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டேப்பைச் சுருட்டப் போனவர் என்ன நினைத்தாரோ, "மிஸ் நீங்களும் இந்த இடத்தில வீடு கட்டத்தானே போறது?" என்று கேட்டார். ஓம் என்றேன். எங்கே குழி என்றார். நான் பெருமையோடு மூலையைக் காட்டினேன். டேப்பை அங்கே இழுத்தார்கள். நாற்பத்து மூன்று அடி. மற்ற மூலைக்கு இழுத்தார்கள், நாற்பத்தைந்து. பத்துப் பேர்ச் காணியின் நடுவில் கிணறு இருந்தால் எந்த மூலைக்கும் ஐம்பதடி வராது. பதினொரு வருடமாக ஊராருக்கெல்லாம் வாயால் சொன்ன ஐம்பதடியை, என் சொந்தப் படத்தில் ஒருநாளாவது அடிமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. ரிஸ்னா நாலடி தந்திருந்தாலும் என் பிளான் பாஸாகியிருக்காது. கிணற்றுக் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பி.எச்.ஐ. மஹத்தயா இரக்கத்தோடுதான் சொன்னார்:

"மிஸ்ஸின் கடிதம் நூத்துக்கு நூறு சரி. அதே கடிதத்தில மிஸ்ஸின் வீடும் போயிட்டது."

நாலும் ஆறும்

மூன்று நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ரிஸ்னா என் வாடகை வீட்டுக்கு வந்தாள். கையில் மகனின் பள்ளிக்கூட அடிமட்டமும் அவளுடைய பிளானும். அவள் அந்த வீட்டுக்குள் வந்தே இரண்டு வருடம் இருக்கும். கூரையில்லாத குளியலறையைக் கண்டாள், ஒருதரம் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிளானைப் பாயில் விரித்து, என் ஆறடி வழியையும் தன் நாலடிச் சந்துத் துண்டையும் விரலால் காட்டினாள். இரண்டும் தனித்தனியாக இருந்தால் குழி வெட்ட அகலம் போதாது. வழியோர மதிலை எடுத்தால் பத்தடி. றோட்டுப் பக்கமாக, வீதிக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே ஒரு பெரிய குழி வெட்டிக் கொங்கிறீட் பலகையால் மூடினால், இரண்டு வீட்டுக்கும் ஒரே குழி. மேலே வாகனம் போகும், கிணற்றுக்கு அறுபதடிக்கு மேல் தூரம். உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய் வழியையும் குழியையும் இருவருக்கும் பொதுவாக எழுதிவிடலாம்.

பதினொரு வருடம் பிளான் பார்த்தவளுக்குத் தோன்றாதது, ஒரு பிளானும் பாராதவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கும் எனக்கு எரிந்தது. ஆனால் நாலடி என் பாயில் விரிந்து கிடக்கும்போது எரிச்சலைக் காட்டுகிற அளவுக்கு நான் மடைச்சி இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: இவ்வளவு காலமும் ஏன் தரவில்லை? ஜன்னல் என்றாய், மச்சான் என்றாய், உண்மையில் என்ன? ரிஸ்னா அடிமட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

"நீங்க காலயில பேக்கத் தோள்ல போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போறத நான் ஒவ்வொரு நாளும் ஜன்னலால பாக்குற, ராத்தா. ஊரே உங்களுக்கு மிஸ், மிஸ் எண்டு எழும்பி நிக்கும். எனக்கிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டு வாரதில்ல. நீங்க ஒராள்தான் அந்த நாலடிக்கு வந்த. அதையும் தந்துட்டா, பிறகு நீங்க என்னத்துக்கு வரப் போற?"

கதவுக்கு வெளியே

வழியோர மதிலை மேசன் பாஸ் ஒரே நாளில் இறக்கினார். கோழிக்கூட்டை ரிஸ்னா எனக்கே தந்தாள், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. புதிய நில அளவைப் படம், புதிய உறுதி, புதிய பிளான் எல்லாம் முடிய ஐந்து மாதம் போனது. இரண்டு கோப்பும் ஒரே குழுவுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவளுடையது முன்னால், என்னுடையது பின்னால். அப்போதும் அவள்தான் முன்னால்.

என் கோப்பு வரும்போது நான் உள்ளே இருக்கக் கூடாது. பேனையையும் குறிப்புப் புத்தகத்தையும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பொதுசனம் குந்துகிற வாங்கில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேரை அந்த வாங்கில் உட்கார வைத்து, "இன்னும் கூப்பிடல்ல, பொறுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அது இவ்வளவு கடினமான பலகை என்று தெரியாது. உள்ளே யாரோ சிரித்த சத்தம் கேட்டது. என் பிளானைப் பார்த்தா, தேத்தண்ணிக்கு வந்த ரோல்ஸைப் பார்த்தா என்று தெரியாமல் வாங்கின் நுனிக்கு நகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ரீ.ஓ. சேர் கதவைத் திறந்து, தலையை மட்டும் ஆட்டினார். ஓம் என்று ஆட்டினார். என் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு பெண், மடியில் கோப்போடு. மூன்று மாதமாகத் திருப்பி அனுப்பப்படுகிற கோப்பு. வழி ஏழரை அடி என்பதால் ஒவ்வொரு தரமும் நான்தான் திருப்பிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து, ரீ.ஓ. சேரின் தலையைப் பார்த்து, என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கோப்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, எனக்குக் கேட்கும்படியாகவே பெருமூச்சு விட்டாள்:

"உங்களுக்கென்ன, மிஸ். உங்கட வேலையெல்லாம் உள்ளுக்குள்ளயே முடிஞ்சிரும்."

பதினொரு வருடம் ஊரார் வீட்டைப் பார்த்து வயிறெரிந்த எனக்கு, என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறெரிகிறது என்று கண்டதும் வந்த சந்தோஷம், பிளான் பாஸானதாக ரீ.ஓ. சேர் தலையாட்டியபோது கூட வரவில்லை என்பதை அல்லாஹ்வும் அந்தப் பெண்ணும் மன்னித்துக்கொள்ள வேண்டும்.